ஆர்.ஓ. மிஷினில் கிருமி போகணும், மெம்ப்ரேன் போகக் கூடாது: தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கான முழு வழிகாட்டி

பல ஊர்களில் ஆர்.ஓ. மிஷின் மாட்டுவது பெரும்பாலும் ருசிக்காகத்தான். தண்ணீர் உப்பாக இருக்கிறது, டீ வாயில் வைக்க முடியவில்லை, சரி ஒரு மிஷினை வாங்கிப் போடு என்று முடிந்துவிடும். நம் பக்கம் கதை வேறு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் போர் தண்ணீரிலேயே ஃபுளோரைடு இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைதான் ஃபுளோரைடு இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பல்லில் கறை விழுகிறது. பல வருடம் குடித்த பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகிப்போகின்றன. இதற்காகவே ஜப்பான் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் திறந்தார்கள்.

திட்டம் வந்த பிறகும் எல்லா வீட்டுக்கும் எல்லா நாளும் காவிரித் தண்ணீர் மட்டுமே வருகிறது என்று சொல்ல முடியாது. குழாய் வராத நாளில் போர் ஓடுகிறது. இரண்டும் ஒரே சின்டெக்ஸில் கலக்கிற வீடுகள் ஏராளம். அந்த வீடுகளில் ஃபுளோரைடைத் தடுத்து நிறுத்துவது மிஷினுக்குள் இருக்கும் ஒரு பொருள்தான்: மெம்ப்ரேன், அதாவது உப்பை வடிகட்டும் மெல்லிய தாள் சுருள். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்றினால் இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்யும். யூ.வி. (புற ஊதா) விளக்கு கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடைத் தொடாது. குளோரினும் அப்படியே.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. மிஷினுக்குள் சேரும் கிருமியைக் கொல்லக் கைவசம் உள்ள மலிவான, நம்பகமான மருந்து குளோரின். அதே குளோரின் மெம்ப்ரேனைத் தின்றுவிடும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் குளோரின் படக் கூடாது என்று மெம்ப்ரேன் தயாரிப்பாளர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் கிருமி நீக்கத்துக்குப் பயன்படுத்தப்போவது அதைப்போல ஆயிரம் மடங்கு. அதனால் கீழே வரும் வேலைகளில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்: மருந்து உள்ளே போகும்போது மெம்ப்ரேன் வெளியே இருக்க வேண்டும்.

கிருமி எங்கே குடியிருக்கிறது

"ஆர்.ஓ.வும் யூ.வி.யும் இருக்கிறதே, அப்புறம் எப்படிக் கிருமி வரும்" என்று கேட்பவர்கள் உண்டு. குழாய்த் தண்ணீரில் காவலுக்குக் கொஞ்சம் குளோரின் கலந்துதான் அனுப்புகிறார்கள். மிஷினுக்குள் வந்ததும் கார்பன் ஃபில்டர் அந்தக் குளோரினை உறிஞ்சிவிடுகிறது. மெம்ப்ரேனைக் காப்பாற்ற அது தேவை. ஆனால் கார்பனைத் தாண்டிய இடத்திலிருந்து உங்கள் டம்ளர் வரை தண்ணீருக்குக் காவல் இல்லை. கார்பன் துகள்களின் ஓட்டைகளே கிருமிகளுக்கு நல்ல வீடு. பல மிஷின்களில் யூ.வி. விளக்கு, நல்ல தண்ணீர் சேரும் மிஷின் டேங்க்குக்கு முன்னால் இருக்கிறது. டேங்க்கில் சேர்ந்த பிறகு மூடி வழியாகவோ குழாய் வாய் வழியாகவோ புகுந்ததை அது ஒன்றும் செய்யாது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். டேங்க் மூடியைத் திறந்து, உள்விளிம்பில் விரலை வைத்துத் தடவுங்கள். வழவழவென்று இருந்தால் அது கிருமிகள் கட்டிய படலம். அடுத்து, தண்ணீர் பிடிக்கும் குழாயைக் கழற்றி, உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் வாஷரைத் திருப்பிப் பாருங்கள். அதன் அடிப்பக்கம் பழுப்பாகக் கோழை மாதிரி ஒட்டியிருக்கும். குடிக்கும் ஒவ்வொரு டம்ளரும் அதைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. ஃப்ளோட் கம்பியின் அடிப்பகுதி, டேங்க்கின் நான்கு மூலைகள், மிஷினின் பின்பக்கத் துளைகள் ஆகியவையும் பார்க்க வேண்டிய இடங்கள். அடாப்டர் சூடாக இருப்பதால் கரப்பானும் பல்லியும் பின்பக்கம் ஒதுங்குவது சகஜம்.

எப்போது செய்வது

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். ஃபில்டர் மாற்றும் நாளோடு இதைச் சேர்த்துவிடுவது புத்திசாலித்தனம். எப்படியும் கார்பனைக் கழற்றித்தானே ஆக வேண்டும். இது தவிர, வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு வாரத்துக்கு மேல் வெளியூர் போய் வந்தால், தண்ணீரில் மண் வாடையோ அழுகிய வாடையோ அடித்தால், தெருவில் குழாய் உடைந்து கலங்கல் வந்திருந்தால், வீட்டில் யாருக்காவது காரணம் தெரியாத வயிற்றுப்போக்கு திரும்பத் திரும்ப வந்தால், தேதி பார்க்காமல் செய்துவிடுங்கள்.

காலையில் ஆரம்பியுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் மதியம் சின்டெக்ஸ் தண்ணீர் கையைச் சுடும். மெம்ப்ரேன் தாங்கும் உச்ச வெப்பம் 45 டிகிரி. மெம்ப்ரேனைத் திரும்ப மாட்டி முதல் தண்ணீர் விடும் வேலை அந்த நேரத்தில் வேண்டாம். பிரித்து, ஊறவைத்து, அலசி, மாட்ட அரை நாள் ஆகும். முதல் நாளே இரண்டு குடம் குடிதண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கி வைக்க வேண்டியவை

மிஷினுக்கு முன்னால் தண்ணீர் வரும் வழியில் தனியாக மாட்டியிருக்கும் வெளிப் பாத்திரத்துக்குப் புதிய ஸ்பன் (அதற்குள் இருக்கும் வெள்ளை வடிகட்டி) ஒன்று. உங்கள் மிஷினுக்கேற்ற, மண்ணையும் தூசியையும் பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், கடைசியில் போஸ்ட் கார்பனோ மினரல் கேட்ரிட்ஜோ இருந்தால் அதுவும் புதிதாக. கேட்ரிட்ஜ்கள் இருந்த இடத்தில் டியூபை நேராக இணைக்க இரண்டு மூன்று நேர் கனெக்டர். பாத்திரம் திறக்கும் ஸ்பேனர், மூக்கு பிளையர், டெஃப்லான் டேப், புதிய ஸ்பாஞ்ச், பாட்டில் பிரஷ், ரப்பர் கையுறை, மெடிக்கல் ஷாப்பில் 10 மில்லி சிரிஞ்ச், தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் சின்ன டி.டி.எஸ். மீட்டர். குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் சொட்டு மருந்தோ பட்டையோ. பஞ்சாயத்துகளில் குடிநீர் விடுபவர்களிடம் இந்தக் குளோரின் கிட் பெரும்பாலும் இருக்கும். கேட்டால் பார்த்துச் சொல்வார்கள்.

இனி மருந்து. சோடியம் ஹைப்போகுளோரைட், கடையில் 'ஹைப்போ' என்றால் தெரியும். லேபிளில் சதவீதம் போட்டிருக்கும், 5 சதவீதம் என்றால் கணக்கு சுலபம். ஒரு லிட்டர் தண்ணீரில் 2 மில்லி விட்டால் சுமார் 100 பி.பி.எம். (லிட்டருக்கு 100 மில்லிகிராம்) குளோரின் கிடைக்கும், பத்து லிட்டருக்கு 20 மில்லி. 10 சதவீதம் என்றால் பாதி அளவு. வாசனை சேர்த்தது, சோப்பு நுரை வருவது, துணிக் கறைக்கென்று விற்பது எதுவும் வேண்டாம். தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். ஹைப்போ வெயிலிலும் சூட்டிலும் வீரியம் இழக்கும். கடை வாசலில் வெயில்படும் தட்டில் பல மாதமாக நின்ற கேனில் பெரும்பகுதி வெறும் உப்புத்தண்ணீர்தான் இருக்கும்.

பிளீச்சிங் பவுடரை மிஷினுக்குள் விடாதீர்கள். அதில் சுண்ணாம்பு நிறைய. கரையாத பொடி வால்விலும் மோட்டாரிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அது மாடி டேங்க்குக்கு உரியது.

முதலில் மாடி டேங்க்

மேலே பாசி பிடித்த சின்டெக்ஸை வைத்துக்கொண்டு கீழே மிஷினைக் கழுவுவது வீண் வேலை. இதை முந்தைய நாள் முடித்துவிடுங்கள். தொடங்கும் முன் மிஷினுக்கு வரும் வால்வை மூடுங்கள். மூட மறந்தால் மேலே போடும் குளோரின் நேராகக் கார்பனுக்கு வரும், கார்பன் திணறினால் அடுத்து மெம்ப்ரேன்தான்.

டேங்க்கைக் காலி செய்து, அடியில் தங்கிய சேற்றை வாரி, சுவரைத் தேய்த்து அலசுங்கள். பிறகு தண்ணீர் நிரப்புங்கள். 1000 லிட்டருக்கு 25 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் 200 கிராம். அதை ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும் வரை விட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். வீட்டுக் குழாய்களைக் குளோரின் வாடை வரும் வரை ஒருமுறை திறந்து மூடினால் பைப்பும் சுத்தமாகும். நாலைந்து மணி நேரம் கழித்து முழுவதையும் வெளியேற்றி, ஒருமுறை நிரப்பிக் காலி செய்துவிட்டு, நல்ல தண்ணீர் ஏற்றுங்கள். அந்த நேரத்தில் குழந்தைகள் குழாயில் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரைத்தொட்டிக்கும் இதே கணக்கு. ஆனால் மூடியிருந்த தொட்டிக்குள் தனியாக இறங்காதீர்கள். மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்டு, மேலே ஒரு ஆளை நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

மிஷினைப் பிரிப்பது

பிளக்கைப் பிடுங்குவதற்கு முன் ஒரு சின்ன வேலை. உள்ளே வரும் தண்ணீரின் டி.டி.எஸ்., வெளியே வரும் தண்ணீரின் டி.டி.எஸ். இரண்டையும் அளந்து எழுதி வையுங்கள். கடைசியில் மெம்ப்ரேன் பிழைத்ததா என்று சொல்லப்போவது இந்த இரண்டு எண்கள்தான். இதைச் செய்யாமல் ஆரம்பித்தால், பிறகு எண் கூடியிருந்தாலும் முன்பே அப்படி இருந்ததா, இன்று கெட்டதா என்று தெரியாது.

பிளக்கைப் பிடுங்கி, வரும் வால்வை மூடி, டேங்க்கைக் காலி செய்யுங்கள். மூடியைத் திறந்ததும் போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். எல்லா டியூபும் ஒரே வெள்ளை நிறத்தில் இருக்கும். படம் இல்லாமல் திரும்ப மாட்டுவது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை. டியூபைப் பிடுங்கும்போது கனெக்டரின் சின்ன லாக் கிளிப்பை முதலில் எடுத்து, வளையத்தை விரலால் அழுத்திக்கொண்டு இழுத்தால் தானாக வரும். முரட்டுத்தனமாக இழுத்தால் டியூபின் நுனி கீறிப்போய் பிறகு கசியும்.

வெளிப் பாத்திரத்தின் ஸ்பன், உள்ளே உள்ள செடிமென்ட், கார்பன், போஸ்ட் கார்பன், யூ.எஃப். என்ற கூடுதல் வடிகட்டி இருந்தால் அது, எல்லாம் வெளியே. பழைய ஸ்பன்னைத் தட்டிக் கழுவித் திரும்பப் போடும் பழக்கத்தை மறந்துவிடுங்கள். வெளிப்பக்கம் வெள்ளையாகும், உள்ளே புகுந்த சேறும் கிருமியும் அங்கேயே இருக்கும்.

மெம்ப்ரேனைக் கடைசியில் எடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மெம்ப்ரேன் இருக்கும் ஹவுசிங் என்ற உறையின் மூடியைத் திருகித் திறந்து, நடுத்தண்டை மூக்கு பிளையரால் பிடித்து, லேசாக ஆட்டி நேராக இழுங்கள். எந்தப் பக்கம் உள்ளே இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன ஓ-ரிங் இரண்டு உள்ள தண்டு நுனி உள்ளே போகும் பக்கம், உடலைச் சுற்றி அகலமான கறுப்பு ரப்பர் உள்ளது மூடிப் பக்கம். வெளியே வந்ததும் காய விடக் கூடாது. சுத்தமான புதிய பாலிதீன் கவரில் போட்டு, ஏற்கெனவே பிடித்து வைத்த ஆர்.ஓ. தண்ணீர் கொஞ்சம் ஊற்றி, கட்டி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் அல்ல, உறைந்தால் மெம்ப்ரேன் போச்சு.

வெள்ளைப் படிவம் இருந்தால்

போர் தண்ணீர் வீடுகளில் பாத்திரத்திலும் யூ.வி. குழாயிலும் சுண்ணாம்புப் படிவம் ஏறியிருக்கும். அதன் அடியில் உள்ள கிருமிக்குக் குளோரின் எட்டாது. அதனால் முதலில் படிவத்தை எடுக்க வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போதும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, பாத்திரம், ஹவுசிங், கனெக்டர்களை அரை மணி நேரம் ஊறவைத்து, பிரஷால் தேய்த்து அலசுங்கள்.

அலசுவதில் சோம்பல் கூடாது. அமிலமும் ஹைப்போவும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். எலுமிச்சை உப்பு, வினிகர், கழிவறை கழுவும் ஆசிட், எதுவும் ஹைப்போவோடு ஒரே வாளியில் சேரக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

யூ.வி. உறையில் உள்ள கண்ணாடிக் குழாயைக் கழற்ற முடிகிற மாடல் என்றால் அதையும் இதே நீரில் துடைக்கலாம். வெள்ளை ஏறிய கண்ணாடி வழியே ஒளி போகாது, விளக்கு எரிந்தும் பயன் இல்லை. விளக்கு எரியும்போது கண்ணால் நேராகப் பார்க்காதீர்கள். திறக்க முடியாத ஸ்டீல் உறை என்றால் நோண்ட வேண்டாம்.

டேங்க்கும் குழாயும்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். டேங்க்கைத் தனியாகக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். முடியாவிட்டால் அடாப்டர், ஒயர் இருக்கும் பக்கத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு வேலை செய்யுங்கள். ஸ்பாஞ்ச்சால் சுவரைத் தேய்த்து வழவழப்பை முழுதும் எடுக்க வேண்டும். படலம் ஒட்டிக்கொண்டிருக்கும்போது மருந்து ஊற்றினால் மேல்தோல் மட்டும் சாகும். ஸ்டீல் நாரைக் கிட்டே கொண்டுவராதீர்கள். அது போடும் கீறல்களே நாளைக்குக் கிருமி ஒட்டும் இடம்.

குழாயைக் கழற்றி, வாஷர், ஸ்பிரிங், கைப்பிடி எல்லாவற்றையும் பிரித்து ஒரு கிண்ணத்தில் போடுங்கள். வாஷர் நிறம் மாறி உப்பியிருந்தால் புதிது போடுவது நல்லது. தேய்த்து அலசியபின் டேங்க்கில் பத்து லிட்டருக்கு 20 மில்லி என்ற கணக்கில் ஹைப்போ கலந்த நீரை விளிம்பு வரை நிரப்புங்கள். தண்ணீர் எட்டாத மூடியின் உள்பக்கத்தை அதே நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். குழாயைத் திரும்ப மாட்டி, ஒரு டம்ளர் அளவு வெளியேற்றி மூடுங்கள், குழாயின் தொண்டையிலும் மருந்து நிற்கும். அரை மணி நேரம் அப்படியே விடுங்கள்.

டேங்க் ஸ்டீல் என்றால் பாதி வீரியம், பத்து நிமிடம் போதும், அதற்கு மேல் விட்டால் துரு புள்ளி விழும். தாமிர டேங்க்கில் ஹைப்போ வேண்டவே வேண்டாம். புளியோ எலுமிச்சையோ போட்டுத் துலக்கி நன்றாக அலசிவிடுங்கள்.

உள் டியூப்கள்

கேட்ரிட்ஜ்கள் இருந்த இடங்களில் டியூபை நேர் கனெக்டரால் இணையுங்கள். மெம்ப்ரேன் இல்லாத காலி ஹவுசிங்கை மூடுங்கள். வெளிப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, 5 மில்லி ஹைப்போ விட்டு மூடுங்கள். இங்கே அளவு சற்றுக் கூடுதலாக இருப்பதற்குக் காரணம், பின்னால் வரும் தண்ணீர் இதைத் தள்ளிக்கொண்டு போகும்போது நீர்த்துப்போகும்.

டேங்க்குக்குப் போகும் டியூபையும் கழிவு டியூபையும் ஒரு வாளியில் விட்டு, வால்வை மெல்லத் திறந்து, பிளக்கைப் போடுங்கள். இரண்டு டியூபிலிருந்தும் குளோரின் வாடை வந்ததும் மின்சாரத்தை நிறுத்தி, வால்வை மூடுங்கள். அரை மணி நேரம் ஊறட்டும். ஊறும்போது யூ.வி. விளக்கு எரியக் கூடாது, அந்த ஒளி குளோரினைச் சிதைத்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் இந்தக் கவலை இல்லை.

அலசுவது

வால்வைத் திறந்து, மோட்டாரை ஓட்டி, வாடை போகும் வரை தண்ணீரை வாளியில் விடுங்கள். டேங்க்கை மூன்று முறை நிரப்பிக் காலி செய்யுங்கள். இனி மூக்கை நம்பக் கூடாது. அரை மணி நேரம் குளோரின் வாடையில் நின்ற மூக்குக்கு எதுவும் தெரியாது. வெளியே வரும் தண்ணீரில் குளோரின் சொட்டு மருந்தை விட்டுப் பாருங்கள். ஒகேனக்கல் தண்ணீரிலேயே கொஞ்சம் குளோரின் இருக்கும் என்பதால், வீட்டுக் குழாய்த் தண்ணீரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே நிறம் காட்டினால் நாம் விட்ட மருந்து போய்விட்டது. மிச்சத்தைப் புதுக் கார்பன் பார்த்துக்கொள்ளும். அந்த நிலைக்கு வராமல் மெம்ப்ரேனை ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்காதீர்கள்.

திரும்ப மாட்டுவது

புதிய ஸ்பன், செடிமென்ட், பிறகு கார்பன். அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில் இருக்க வேண்டும். கார்பனை மாட்டியதும் அதன் வெளி நுனியை மெம்ப்ரேனுக்குக் கொடுக்காமல் வாளிக்கு விட்டு, கறுப்புத் தூள் நின்று தெளிந்த தண்ணீர் வரும் வரை ஓட்டுங்கள். அவசரத்தில் பலரும் தாண்டிப்போகும் படி இது. அந்தத் தூள் மெம்ப்ரேன் முகத்தில் போய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வரத்து குறையும்.

ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் தொட்டுத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய், வாசலின் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். கிரீஸ் இல்லையென்றால் தண்ணீரில் நனைத்துப் போட்டாலே போதும். மெம்ப்ரேனை நேராக வைத்து, தண்டு உள்ளே 'டப்'பென்று உட்காரும் வரை கட்டைவிரலால் அழுத்துங்கள். அரைகுறையாக உட்கார்ந்தால் வடிகட்டாத தண்ணீர் ஓரமாக நழுவி நல்ல தண்ணீரோடு கலந்துவிடும்.

எல்லா டியூபும் மாட்டி, கிளிப் போட்டு, பத்து நிமிடம் கசிவு பாருங்கள். உலர்ந்த டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு மூட்டிலும் ஒற்றினால் கண்ணுக்குத் தெரியாத ஈரமும் தெரியும். முதல் இரண்டு டேங்க் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளலாம்.

சரியாகிவிட்டதா என்று பார்ப்பது

இப்போது திரும்ப டி.டி.எஸ். அளவெடுங்கள். உள்ளே 1200, வெளியே 80 என்றால் மெம்ப்ரேன் நலம். வெளியே வருவது உள்ளே போவதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். காலையில் எழுதி வைத்த எண்ணைவிட வெளி எண் திடீரென்று எகிறியிருந்தால் முதலில் ஓ-ரிங்கைச் சந்தேகியுங்கள், மெம்ப்ரேனை ஒருமுறை எடுத்து அழுத்தி உட்கார வையுங்கள். அப்படியும் இறங்காவிட்டால் மெம்ப்ரேன் மாற்ற வேண்டியதுதான்.

டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது மொத்த உப்பை மட்டும். கிருமியும் அதில் தெரியாது, ஃபுளோரைடும் தனியாகத் தெரியாது. கிருமிக்கு எச்.டூ.எஸ். குப்பி என்ற சோதனைக் குப்பியை வாங்கி, குறியிட்ட அளவு தண்ணீர் ஊற்றி மூடி, அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். கறுத்தால் தண்ணீர் சரியில்லை, நிறம் மாறாவிட்டால் நிம்மதி. தண்ணீரை டேங்க்கிலிருந்து நேராக மொள்ளாமல், நீங்கள் குடிக்கும் அதே குழாயிலிருந்து பிடியுங்கள். ஃபுளோரைடுக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது. போர் தண்ணீர் ஒரு பாட்டில், மிஷின் தண்ணீர் ஒரு பாட்டில் என்று இரண்டாகக் கொடுத்தால்தான் மிஷின் எவ்வளவு எடுக்கிறது என்று தெரியும்.

அந்தச் சின்னத் திருகு

பல மிஷின்களில் மெம்ப்ரேனுக்குப் பக்கத்தில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும். தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று சொன்னால் வருபவர் அதைக் கொஞ்சம் திறந்துவிட்டுப் போவார். உடனே ருசி வரும். எங்கிருந்து வருகிறது அந்த ருசி? மெம்ப்ரேனைத் தாண்டாத தண்ணீரில் ஒரு பங்கு நேராகக் கலக்கிறது. ருசியோடு ஃபுளோரைடும் அதே பங்கில் வரும். போர் தண்ணீர் கலக்கிற வீடு என்றால் இந்தத் திருகை முழுதும் மூடி வைப்பதுதான் என் கட்சி. எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால் விவாதமே வேண்டாம். நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாகிற வயது அது, கறை விழுவதும் அப்போதுதான்.

சர்வீஸ்காரரை வைத்துச் செய்தால்

எல்லாரும் ஸ்பேனரைத் தூக்க வேண்டும் என்பதில்லை. ஆள் வைத்துச் செய்யுங்கள், ஆனால் பக்கத்தில் நில்லுங்கள். டேங்க்கையும் குழாயையும் பிரித்துத் தேய்க்கிறாரா, மருந்து விடும் முன் மெம்ப்ரேனை எடுக்கிறாரா, ஆரம்பத்திலும் முடிவிலும் டி.டி.எஸ். காட்டுகிறாரா, இந்த மூன்றையும் பாருங்கள். வெளிப் பாத்திரத்தை மட்டும் கழுவிவிட்டு "ஃபுல் சர்வீஸ்ண்ணா" என்று பில் நீட்டுபவர்கள் உண்டு. "மெம்ப்ரேனை ஆசிட் வாஷ் பண்ணிப் புதுசாக்கித் தரேன்" என்றால் நாசூக்காக மறுத்துவிடுங்கள். வீட்டு மெம்ப்ரேன் விலைக்கு அந்தச் சோதனை கட்டுப்படியாகாது, எந்த ஆசிட் என்றும் தெரியாது. கழற்றிய பழைய ஃபில்டர்களை வாங்கி உடைத்துப் போடுங்கள், அடுத்த வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

இடைப்பட்ட நாட்களில்

வாரம் ஒருமுறை டேங்க்கை முழுதும் காலி செய்து நிரப்புங்கள். குழாய் வாயைத் துடைக்கச் சமையலறைக் கரித்துணியை எடுக்காதீர்கள். ஊருக்குப் போகும்போது பிளக்கைப் பிடுங்கி, வால்வை மூடி, டேங்க்கைக் காலி செய்துவிட்டுப் போங்கள். ஒரு வாரத்துக்குள் வந்தால் முதல் டேங்க்கைக் கொட்டினால் போதும்.

கழிவு டியூபில் வரும் தண்ணீர் பற்றியும் சொல்லியாக வேண்டும். உள்ளே லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஃபுளோரைடுள்ள மூன்று லிட்டர் போய், ஒரு லிட்டர் நல்ல தண்ணீராக வந்தால், மிச்ச இரண்டு லிட்டரில் அது லிட்டருக்குச் சுமார் 3 மில்லிகிராமாக ஏறியிருக்கும். தரை துடைக்கலாம், கழிவறைக்கு ஊற்றலாம். மாட்டுக்குக் காட்ட வேண்டாம், அரிசி களையவும் வேண்டாம்.